ஆவாரம் பூத்தது

அன்று லேபில் இருந்தவர்கள் ஐந்து பேர். டாக்டரம்மா, சன்னலோர மேசையில். யேசுபாதம், மைக்ராஸ்கோப்புக்கு முன்னால், முக்காலியில். சின்னக்கண்ணு, பெஞ்சில், வலது கையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. அவன் மனைவி பச்சையம்மா, அவனுக்குப் பின்னால் நின்றபடி. நான், கதவோரம், ஸ்லைடு துடைக்கிற துணியோடு.

நான் ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. இப்போது லேபுக்குப் பயிற்சிக்கு ஆறு பேர் வருகிறார்கள். முதல் நாளே ஆளுக்கொரு முக்காலி. முதல் வாரமே மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிறார்கள். ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு அந்தப் பூஞ்சைக் கேஸை எழுதிக் கொடுங்கள் என்று அவர்கள்தான் கேட்டார்கள். "நீங்கதானே ஐயா கண்டுபுடிச்சீங்க" என்றார்கள். எழுதுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

லேபுக்கு வருவதற்கு முன்னால் நான் ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் இருந்தேன். எட்டு வருஷம். சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்துபோய் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கால் ஆறியது. தரை துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள். இருந்துவிட்டேன். தரையிலிருந்து பாட்டில், பாட்டிலிலிருந்து ஸ்லைடு. பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

ஸ்லைடு கழுவுவது லேசான வேலை என்று நினைப்பார்கள். சோடா உப்பும் சோப்பும் போட்ட தண்ணீரில் அரை மணி கொதிக்க வேண்டும். பிறகு ஏழு முறை நல்ல தண்ணீர். பிறகு ஸ்பிரிட்டில் ஊற வேண்டும். எடுக்கும்போது ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். பலமுறை துவைத்து நைந்த வேட்டித் துணியால் ஒரே பக்கமாகத் துடைக்க வேண்டும். புதுத் துணி நூல் விடும். அந்த நூல் மைக்ராஸ்கோப்பில் கயிறு போலத் தெரியும்.

டாக்டரம்மா வெள்ளைக்காரர். முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். புத்தகத் தமிழ்தான் பேசுவார். நான் துடைத்த ஸ்லைடைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு புள்ளி இருந்தால் திரும்பத் தண்ணீரில் போட்டுவிடுவார். திட்ட மாட்டார். புள்ளி இல்லாவிட்டால் எடுத்துக்கொள்வார். அப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டார். வருஷக்கணக்கில் அப்படித்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நான் நினைத்ததில்லை. அது அவர் வழக்கம் என்று இருந்தேன்.

ஐந்தாம் வருஷம் யேசுபாதம் வந்தான். திருநெல்வேலிப் பக்கம். மெட்ரிக் படித்தவன். ஸ்லைடு கழுவவும், சீழை ஸ்லைடில் மெல்லிசாக இழுக்கவும், சாயம் போடவும் அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் மாதம் டாக்டரம்மா அவனை முக்காலியில் உட்கார வைத்தார். நான் அந்த மைக்ராஸ்கோப்பை ஐந்து வருஷமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கத்தான் அனுமதி.

அவன் பென்சிலால் படம் போடுவான். கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்துக்கொண்டே கை பக்கத்துக் காகிதத்தில் போகும். சிவப்பு, ஊதா, நீலம். முதல் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா "நன்று" என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த வார்த்தை அவரிடம் இருக்கிறது என்றே அன்றுதான் தெரிந்தது.

படத்தைச் சுவரில் குத்தினார்கள். அடுத்தது. அதற்கடுத்தது. நான் கழுவிய ஸ்லைடு, நான் இழுத்த சீழ், நான் போட்ட சாயம். படத்துக்குக் கீழே அவன் பெயர். அந்தச் சுவரை ஒட்டடை அடிப்பது என் வேலை.

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அண்ணே, நீங்க சாயம் போட்டா மட்டும் எப்படித் தெளிவா நிக்கி?" என்று கேட்பான். சிரித்துக்கொண்டு கேட்பான். எனக்கு வயிறு எரியும்.

வீட்டில் என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. தட்டில் சோறு அப்படியே இருந்தால் கேட்பாள்: "இன்னாய்யா, அந்தத் தெக்கத்தி ஆளு இன்னிக்கி இன்னா படம் போட்டான்?"

ஒரு நாள் நர்சுப் பெண்களுக்கு டாக்டரம்மா பாடம் எடுத்தார். ரத்தத்தில் வெள்ளையணு என்று உண்டு. அதில் சிலது கிருமியைத் தின்னும். யேசுபாதம் அதைப் பெரிதாகப் படம் போட்டு வைத்திருந்தான். டாக்டரம்மா குச்சியால் காட்டிச் சொன்னார்:

"இவை காவலாளிகள். அந்நியனைக் கண்டால் சூழ்ந்துகொள்ளும். கை நீட்டி விழுங்கும். உள்ளே வைத்துக் கரைக்கும். ஒரு விஞ்ஞானி இதைக் கண்டது ஒரு சிறு நீர்ப்பூச்சிக்குள். அங்கே அந்நியன் ஒரு பூஞ்சை. முள் போன்ற அதன் வித்தை அணுக்கள் கூடித் தின்றன. பூச்சி பிழைத்தது."

ஒரு பெண் கேட்டாள்: "தின்ன முடியலேன்னாம்மா?"

"அப்பொழுது இன்னும் அணுக்கள் வரும். சுற்றிலும் மதில் போலக் கூடும். அதைத்தான் நாம் வெளியே கட்டியாகக் காண்கிறோம். சில வேளை விழுங்கிய அணுவுக்குள்ளேயே அந்நியன் சாகாமல் இருப்பான். குட்டியும் போடுவான்."

நான் பின்னால் நின்று கேட்டேன். அந்த அணுவுக்கு நான் வைத்த பெயர் தின்னி. லேபில் எல்லோரும் அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த அறையில் நான் பெயர் வைத்தது அது ஒன்றுக்குத்தான், அதற்குக் கீழேயும் என் பெயர் இல்லை.

இனி சின்னக்கண்ணு.

அவன் வாணியம்பாடியில் ஒரு தோல் கிடங்கில் பட்டை வாருகிறவன். தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை வேண்டும். எங்கள் தொழிலில் பட்டை என்று கூடச் சொல்வதில்லை, ஆவாரம் என்றால் பட்டைதான். அதைக் குவித்து வைப்பார்கள். வாரி இடிப்பார்கள். தோலோடு குழியில் போடுவார்கள். சின்னக்கண்ணுவுக்கு ஆள்காட்டி விரலில் ஒரு சிலாம்பு ஏறியிருந்தது. எடுத்துவிட்டான். மூன்று வாரத்தில் அங்கே ஒரு கட்டி. கட்டி உடைந்து புண். புண் ஆறவில்லை. அதற்கு மேலே மணிக்கட்டில் ஒரு கட்டி, அதற்கு மேலே இன்னொன்று. நூலில் மணி கோத்தது போல முழங்கையை நோக்கிப் போயிருந்தது.

சென்னைக்கு ரத்தம் அனுப்பி, மேக நோய் இல்லை என்று பதில் வந்திருந்தது. க்ஷயம் எலும்பில் இறங்கியிருக்கும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். அந்தத் திங்கட்கிழமை சீழ் எடுக்க லேபுக்கு அனுப்பினார்.

டாக்டரம்மா கேட்டார்: "இது எவ்விதம் உண்டாயிற்று?"

"மழையில ஆவாரம் பூத்துப் போச்சும்மா. அதப் போயி கெளறி வாரச் சொன்னாங்க. அப்பத்தான் குத்திச்சு."

"பூத்ததா? பூவா?"

"ஆமாம்மா, பூத்துதான் இருந்துச்சு. வெள்ளையா, கொஞ்சம் கருப்பா."

டாக்டரம்மா யேசுபாதத்தைப் பார்த்தார். அவன் இங்கிலீஷில் சொன்னான். செடி பூத்திருந்தபோது வெட்டிய பட்டை என்று சொன்னான். ஃப்ளவர் என்ற சொல் எனக்கும் தெரியும். டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

எங்கள் தொழிலில் ஆவாரம் பூத்தது என்றால் பூசணம் பிடித்தது என்று அர்த்தம். தோல் பூத்தது என்றாலும் அதுதான். ஊறுகாய் பூத்தது என்று சொல்லியிருந்தால் யேசுபாதத்துக்கும் விளங்கியிருக்கும். ஆவாரம் என்றதும் அவன் கண்ணுக்கு மஞ்சள் பூ வந்துவிட்டது. அந்த அறையில் சின்னக்கண்ணுவும் பச்சையம்மாவும் போக, அந்தச் சொல் தெரிந்தவன் நான் ஒருவன்.

நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

உடையாத கட்டியில் ஊசி போட்டுச் சீழ் எடுத்தார் டாக்டரம்மா. நான் எட்டு ஸ்லைடு இழுத்தேன். காற்றில் காய வைத்து, ஸ்பிரிட் விளக்கின் மேல் மூன்று முறை காட்டினேன். நாலுக்கு க்ஷயக் கிருமிக்கான சிவப்புச் சாயம். நாலுக்கு ஊதா. ஊதா போட்டு, அயோடின் ஊற்றி, ஸ்பிரிட்டில் கழுவி, பிறகு லேசாகச் சிவப்பு. ஸ்பிரிட்டில் எவ்வளவு நேரம் என்பதில்தான் வித்தை. கம்மியானால் எல்லாமே ஊதா. ஜாஸ்தியானால் எதுவுமே நிற்காது.

சிவப்பில் க்ஷயக் கிருமி இல்லை. ஊதாவில் யேசுபாதம் இரண்டு பார்த்தான். "சீழ் அணு மட்டும் இருக்கும்மா. அங்கங்க சாயத் தூள் படிஞ்சிருக்கு" என்றான். என் சாயத்தில் தூள் படிவதில்லை. வடிகட்டித்தான் போடுவேன். அது அவனுக்கும் தெரியும். அப்போதும் அவன் ஒன்றும் குறையாகச் சொல்லவில்லை, தூள் என்று மட்டும் சொன்னான். எனக்கு எரிய அது போதும்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மைக்ராஸ்கோப் துடைக்க நான் இருந்தேன். அவன் பார்க்காத மூன்றாவது ஊதா ஸ்லைடை எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் வைத்தேன். முக்காலியில் உட்காரவில்லை. நின்றபடி குனிந்து பார்த்தேன்.

வெகுநேரம் தின்னிகள் மட்டும். வெறும் வயிறு. இருநூறு, முந்நூறு இருக்கும். பிறகு ஒரு பெரிய தின்னி. அதன் வயிற்றில் சுருட்டுத் துண்டு போல ஒன்று, ஊதா நிறத்தில். பக்கத்தில் இன்னொன்று. இரண்டாவதின் முனையில் ஒரு சின்ன மொட்டு. தூளுக்கு மொட்டு வராது. தின்னி விழுங்கியிருந்தது. கொல்ல முடியவில்லை. உள்ளே அது பெருகிக்கொண்டிருந்தது.

ஸ்லைடைக் காகிதத்தில் சுற்றி என் துணிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். அதைச் சொன்னால், பூசணத்தை வளர்க்கிற சர்க்கரைப் பாசியில், அதாவது சர்க்கரை போட்டுக் காய்ச்சிய கடல்பாசிக் கூழில், சீழை வைப்பார்கள். ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். சொல்லவில்லை. சொன்னால் அவன் பார்ப்பான். பார்த்து அழகாகப் படம் போடுவான். கீழே அவன் பெயர் வரும். டாக்டரம்மா நன்று என்பார். அவன் செய்த தப்பு தப்பாகவே வெளியே வரட்டும் என்று நினைத்தேன். வந்தால் அவன் முக்காலியிலிருந்து இறங்குவான் என்று நினைத்தேன். சின்னக்கண்ணுவின் விரலை நான் நினைக்கவில்லை.

கிருமி தெரியாவிட்டாலும் க்ஷயம்தான் என்று சனிக்கிழமை விரலை எடுத்துவிட்டார்கள். பாட்டிலில் போட்டு லேபுக்கு வந்தது. வாங்கி அலமாரியில் வைத்தவன் நான். அதுவரை பொறாமை மட்டும். அன்றிலிருந்து பயமும் சேர்ந்தது. பயம் வந்ததால் பொறாமை குறையவில்லை.

அடுத்த வாரம் மேலே இருந்த கட்டிகள் இரண்டு உடைந்தன. வியாழக்கிழமை சர்ஜன் பார்த்தார். முழங்கைக்கு மேலே எடுத்துவிடலாம், திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ரத்தம் எடுக்க வார்டுக்குப் போனேன். சின்னக்கண்ணு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"வா தலைவா. இருக்கிற ரத்தத்தயும் எடுத்துக்கோ. போன வெரலுக்கு ஓடுறது இப்ப மிச்சம்தானே."

"சும்மா இருய்யா" என்றாள் பச்சையம்மா.

"ஏன்? வெரல் போச்சுன்னு அழுதா. மோதிரம் போட்ற வெரல் இருக்குதுடின்னேன். மோதிரம் எங்கன்னு கேக்குறா. அதுக்கு நான் இன்னா பண்றது?"

நான் சிரிக்கவில்லை. அவன் இடது கையில் நரம்பு தேடினேன். பச்சையம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க ஆம்பூர்ல தோல் கெடங்குல இருந்தவராமே. யேசுபாதம் சார் சொன்னாரு."

"ஆமாம்மா."

"ஆவாரம் பூத்தா தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"அன்னிக்கி அந்தம்மா பூவான்னு கேட்டாங்க. அவரு இங்கிலீஷ்ல இன்னாவோ சொன்னாரு. பூசணம்னுதானே சொன்னாரு?"

நான் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"நீங்க கதவாண்டதானே நின்னீங்க. கேட்டீங்க இல்ல?"

"பாத்துட்டு வர்றேன்மா" என்றேன்.

"இன்னாத்தப் பாக்குறது? கை போய்ட்டா ஆவாரம் வார்ற வேலை நான்தான் செய்யணும். எனக்கும் குத்தும். அப்பவும் பூவுன்னு எழுதுவாங்களா?"

லேபுக்கு வந்தேன். டாக்டரம்மா இருந்தார். யேசுபாதம் முக்காலியில் இருந்தான்.

"அம்மா, ஆவாரம் பூத்தது என்றால் பூ இல்லை. பூசணம்" என்றேன். துணிப் பெட்டிக்கு அடியிலிருந்து ஸ்லைடை எடுத்தேன். புதுச் சொட்டு எண்ணெய் வைத்து, யேசுபாதத்தை எழுந்திருக்கச் சொல்லி, அந்த இடத்தைத் தேடி வைத்துக் கொடுத்தேன். அரை மணி ஆனது. டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார்.

பார்த்தார். சக்கரத்தை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"இதை நீர் எப்பொழுது அறிந்தீர்?"

"இன்று காலை, அம்மா."

"நன்று" என்றார்.

யேசுபாதம் பார்த்தான். "சாயத் தூள்னு நெனைச்சேன் அண்ணே" என்றான். டாக்டரம்மா சர்ஜனைப் பார்க்க ஓடினார். அவன் ஸ்லைடை எடுத்துத் துடைக்கப் போனான். புதுச் சொட்டு துணியில் வந்துவிட்டது. அதற்கு அடியில் பழைய எண்ணெய் பிசினாக இறுகி ஒட்டியிருந்தது. அந்த எண்ணெய் அப்படி இறுக நாள் ஆகும். ஒரு காலையில் இறுகாது.

நகத்தால் ஒரு முறை தொட்டுப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு எண்ணெயைக் கரைக்கிற சைலால் ஊற்றி, பொறுமையாக, வட்டம் முழுக்கக் கரையும்வரை துடைத்தான். அது என் வேலை. அவன் செய்தான். ஸ்லைடைப் பெட்டியில் வைத்து மூடினான். அன்றும் சொல்லவில்லை, என்றைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

சர்ஜன் ஒரு வாரம் பொறுத்தார். சர்க்கரைப் பாசி ஊற்றிய குழாயில் புதுச் சீழை வைத்தேன். க்ஷயத்துக்கு வைப்பது போலச் சூட்டு அலமாரியில் வைக்கக் கூடாது. வெளியே, சாதாரணச் சூட்டில். நாலாம் நாள் வெள்ளையாக ஒரு புள்ளி. ஆறாம் நாள் சுருக்கம் விழுந்து, ஓரத்தில் கறுப்பு. சின்னக்கண்ணுவைக் கூப்பிட்டுக் காட்டினார் டாக்டரம்மா.

"இதுதாம்மா. இதேதான் பூத்திருந்துச்சு" என்றான்.

அயோடைடு என்ற உப்பைத் தண்ணீரில் கரைத்துப் பாலில் சொட்டு விட்டுக் கொடுத்தார்கள். முதலில் ஐந்து சொட்டு, மூன்று வேளை. தினம் ஒன்று கூட்டி. மூக்கு ஒழுகியது. வாய் ஊறியது. முகம் முழுக்கப் பரு. "கல்யாணத்துக்கு முந்தி கூட எனக்கு இவ்ளோ பரு இல்ல" என்றான். மூன்றாம் வாரம் புண் காய்ந்தது. இரண்டாம் மாதம் கட்டிகள் கரைந்தன. கை தங்கியது.

அந்த உப்புதான் பூஞ்சையைக் கொல்கிறதா என்று பார்க்க, டாக்டரம்மா என்னை உப்புக் கரைத்த பாசியிலும் பூஞ்சையை வைக்கச் சொன்னார். அதில் அது சுகமாக வளர்ந்தது.

"பாரும். உப்பு கொல்லவில்லை. கொல்லுகிறவர்கள் உள்ளே இருக்கிறவர்கள்தாம். அவர்களுக்கு இந்த உப்பு என்ன சொல்லுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது."

வாரம் ஒரு ஸ்லைடு பார்த்தேன். முதல் வாரம் தின்னிக்குள் சுருட்டு முழுசாக இருந்தது. பிறகு உடைந்து. பிறகு வெளிறி. பிறகு இல்லை. அவை தங்கள் வேலையை முடித்துவிட்டன. அதையெல்லாம் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஏனென்றால் யேசுபாதம் போய்விட்டான். "என் கண்ணு இந்த வேலைக்கு லாயக்கில்ல அம்மா. அண்ணனை உக்கார வைங்க" என்று அவனே சொன்னான். டாக்டரம்மா தடுத்தார். கேட்கவில்லை. கம்பவுண்டர் வேலைக்குப் படித்துக் குடியாத்தம் போனான். போகும்போது படங்களைச் சுவரிலிருந்து எடுத்துப்போகவில்லை. அங்கே அவனை டாக்டர் என்றே கூப்பிடுகிறார்களாம். பேரணாம்பட்டிலிருந்தெல்லாம் தேடி வருகிறார்களாம். கேள்விப்பட்டபோது எனக்கு எரிந்தது. அவன் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் எதற்கு எரிகிறது என்று கேட்டுக்கொண்டேன். அப்படியும் எரிந்தது.

ஓய்வு பெறும்வரை அந்த முக்காலியில் இருந்தேன். எத்தனையோ கேஸ் பார்த்தேன். தப்பு கம்மி. டாக்டரம்மா தன் ஊருக்குத் திரும்பிப் போய்ச் செத்தும் போனார். கப்பல் ஏறும்வரை எனக்கு அந்த ஒரு நன்றுதான். இரண்டாவது கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றும் பொய்க்குக் கிடைத்தது.

சின்னக்கண்ணு கிடங்கிலேயே இருந்தான். வலது கையில் நாலு விரலோடு ஆவாரம் வாரினான். வேலூர் பக்கம் வந்தால் என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவான். "என் கையக் காப்பாத்துனவரு" என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்வான். பச்சையம்மா கூட வந்தால் அப்படிச் சொல்ல மாட்டாள். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். ஒரு முறை கேட்டாள், அவன் வெளியே பீடி வாங்கப் போயிருந்தபோது: "நீங்க அன்னிக்கேதானே கேட்டீங்க. எத்தினி நாளு சும்மா இருந்தீங்க அண்ணே?"

அப்போது சொல்லவில்லை. போன வருஷம் அவளும் செத்துப்போனாள். பயிற்சிக்கு வருகிற ஆறு பேரும் படிக்கத்தான் இதைக் கேட்டார்கள். படிக்கட்டும். அவள் கேட்டதற்குப் பதில்:

பதினோரு நாள்.